கறளை மறைப்பதா, களைவதா?

பழுகாமத்திலே எங்கள் அம்மானின் வளவில், கிணற்றடிக்கு அப்பால் இறக்கிய ஓலைக் கொட்டிலில், மொறிஸ் மைனர் வண்டியொன்று ஐந்து ஆண்டுகளாக மரக்குற்றிகளின் மீது நிற்கிறது. அதன் இயந்திரம் செப்பனிடப்பெற்று, சாக்கினாற் பொதியப்பட்டுத் திண்ணையின் மூலையிலே கிடக்கிறது. கதவுகள் நான்கும் சுவரோடு சாத்தப்பட்டுள்ளன. திருகுகளும் சுரைகளும் பழைய பிஸ்கற் தகரங்களில் அடைக்கப்பட்டு, எந்தத் தகரம் எந்த உறுப்புக்கு உரியதென்ற நினைவும் மெல்ல மங்கி வருகிறது. பின் ஆசனம் இருந்த இடத்தைக் கோழியொன்று முட்டையிடுவதற்குத் தெரிந்தெடுத்துக்கொண்டது. வண்டியைக் கழற்றியவன் அம்மானின் மகன், என் மைத்துனன். அவனுடைய ஊக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஊக்கம் மிகுந்து ஒழுங்கு குறைந்தமையே இந்நிலைக்குக் காரணம்.

சென்ற முறை அங்கே போயிருந்தபோது மாமி என்னைக் கொட்டிலடிக்கு அழைத்துச் சென்றார். படித்தவனிடம் எல்லா வினாவுக்கும் விடை இருக்குமென்று நம்புபவர் அவர். “மனே, இது இனி ஓடுமா, இல்லாட்டிக் கோழிக்கூடாத்தான் கிடக்குமா? எனக்கு ஒண்டைச் சொல்லுங்க” என்றார். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் பலரைக் கேட்டும், சிலவற்றைப் படித்தும், அந்த வண்டியின் கீழே படுத்துப் பார்த்தும் நான் வந்தடைந்த முடிவையே இங்கு எழுதுகிறேன். ஒரு குடும்பத்தின் சிக்கலைப் பொதுமன்றுக்குக் கொண்டுவருவானேன் என்று சிலர் வினவலாம். இந்நாட்டில் பழைய வண்டியொன்றைக் கொட்டிலில் வைத்துக்கொண்டு, அதைத் திருத்தவும் இயலாமல் விற்கவும் மனமில்லாமல் இருக்கும் வீடுகள் பல. அன்றியும், பழையதொன்றைப் பேணுவது எங்ஙனம் என்ற வினா வண்டிகளோடு மட்டும் நிற்பதன்று.

முதலில், இவ்வண்டி எப்படிப்பட்டது என்பதைச் சொல்லவேண்டும். மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்திலே வெளிவந்தது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பார். சாமானிய வருவாயுடையோரும் வாங்கத்தக்க, ஆனால் மலிவென்று தோன்றாத வண்டியொன்றைச் செய்யவேண்டும் என்பதே அவரது நோக்கம். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. இலங்கையிலே ஆசிரியரும் வைத்தியரும் எழுதுவினைஞரும் வாடகை வண்டிக்காரரும் அதனை விரும்பி வாங்கினர். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இன் பின்னரே கட்டுப்பாடு தளர்ந்தது. இடைப்பட்ட காலத்திலே, இருந்த வண்டியைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலே பெற்றோல் கிடையாதபோது இத்தகைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதை நேரிற் கண்டோர் இன்றும் உளர். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இலேதான் வழி திறந்தது. ஆதலின், பழைய வண்டியைக் காத்தல் நம் நாட்டில் செல்வர் சிலரின் பொழுதுபோக்காகத் தொடங்கியதன்று. இல்லாமையே அதனைக் கற்பித்த ஆசான்.

எங்கள் அம்மான் ஆசிரியராக இருந்த காலத்தில், 1960களில், இவ்வண்டியைப் பழையதாகவே வாங்கினார். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிக்குப் பிள்ளைப்பேற்றுக்கென்று ஊர்ப் பெண்கள் பலரை ஏற்றிச் சென்ற வண்டி அது. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியில் கொட்டில் சரிந்து அதன் மேல் விழுந்தது. 2007இல் படுவான்கரை மக்கள் இடம்பெயர்ந்தபோது அது தனியே நின்று மழையில் நனைந்தது. இவை யாவற்றையும் தாங்கிய இரும்பை, வாவியின் உவர்க்காற்று ஓசையின்றித் தின்றுவிட்டது.

மைத்துனன் வேலையைத் தொடங்கியபோது இயந்திரம் அவனுக்கு இடர் தரவில்லை. இயந்திரத்தின் பழுது மறைந்து நிற்பதன்று. தேய்ந்த உறுப்பை அளந்து பார்த்து மாற்றினால் தீர்ந்தது. உடலின் பழுது அத்தகையதன்று. வர்ணத்தைச் சுரண்டியபோது, ஓட்டுநர் ஆசனத்துக்கு அருகே, கதவின் கீழ்ப்படி இருக்கவேண்டிய இடத்தில் இரும்பு இல்லை. எப்போதோ ஒரு வேலைத்தலத்தில், துளைக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, அதன்மேல் நிரப்புப் பசையைப் பூசி, தேய்த்து, வர்ணமும் அடித்து அனுப்பியிருந்தனர். நாளிதழுக்கு எத்தனையோ பயன்கள் உண்டென்பது நமக்குத் தெரியும். ஒரு வண்டியின் பாரத்தைத் தாங்குவதும் அவற்றுள் ஒன்று என்பதை அன்றுதான் அறிந்தோம். அந்தத் துளையைக் கண்ட நாளிலே வேலை நின்றது. அதன் பின் மைத்துனன் கொட்டிலடிக்குப் போவதையே குறைத்துக்கொண்டான்.

அறிவுரை கூறியோர் மூவகையினர். பசையும் வர்ணமும் கொண்டு மூன்று வாரத்தில் புதிதுபோல் ஆக்கித் தருவதாக ஒரு சாரார் கூறினர். வேறெங்காவது நல்ல உடலொன்றை வாங்கி, நமது இயந்திரத்தையும் இலக்கத் தகட்டையும் அதிற் பொருத்துவதே புத்திசாலித்தனம் என்றனர் இன்னொரு சாரார். மூன்றாம் சாரார் முதியோர். அவர்கள், “இருக்கிறபடியே இருக்கட்டும், அது அவருடைய ஞாபகம்” என்றனர். மூன்று கூற்றிலும் ஓரளவு நியாயம் உண்டு. முதலாவது பணத்தைக் கருதியது. இரண்டாவது பயனைக் கருதியது. மூன்றாவது அன்பைக் கருதியது. ஆயினும் மூன்றும் அந்த உடலின் அமைப்பைக் கருதவில்லை.

மொறிஸ் மைனர் வண்டிக்குத் தனியான அடிச்சட்டகம் இல்லை. லொறிகளில் உள்ளதுபோல் தடித்த சட்டகமொன்றின் மேல் உடலை ஏற்றிவைக்கும் முறையில் அது செய்யப்படவில்லை. அடித்தளத் தகடு, கதவுகளின் கீழ்ப்படிகள், குறுக்குச் சட்டம், முன்புறத்து உட்கால்கள் ஆகிய யாவும் ஒன்றாக ஒட்டப்பெற்று, அவ்வுடலே தன்னைத் தாங்குகிறது. முன் சக்கரங்களின் அதிர்ச்சியைத் தாங்கும் முறுக்குத் தண்டுகள், முன் ஆசனத்தின் கீழ் ஓடும் குறுக்குச் சட்டத்திலே பிணிக்கப்பட்டுள்ளன. பின்புற வில்தகடுகளும் உடலோடு சேர்ந்த கொளுவிகளிலேயே தங்குகின்றன. இவ்விடங்களில் ஒன்றை உவர் தின்றுவிட்டால், ஓடும் வண்டியில் சக்கரத்தின் பிடி தளரும். மாறாக, கண்ணுக்கு முதலில் தெரியும் மட்காட்கள் நான்கும் திருகாணிகளாற் பூட்டப்பட்டவை. அவற்றைக் கழற்றலாம், மாற்றலாம், பின்னொரு நாளைக்கென்று ஒதுக்கியும் வைக்கலாம். அழகு வெளியே இருக்கிறது. உயிர் கீழே இருக்கிறது. உடல்வேலை பற்றிய தீர்மானம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கவேண்டும் என்பது என் கருத்து.

இதனை ஏற்றால் மூன்று அறிவுரைகளின் குறையும் தாமே விளங்கும். நிரப்புப் பசை தன்னளவில் தீயதன்று. நல்ல இரும்பின் மேல், சிறு நெளிவை நேராக்க, இரண்டொரு மில்லிமீற்றர் தடிப்பிற் பூசினால் அது தன் தொழிலைச் செய்யும். இரும்பு இல்லாத இடத்தில் இரும்பாக அதனை நடிக்கச் செய்வதே குற்றம். அது நீரை உறிஞ்சும், வெடிக்கும், கீழே கறள் வளர இடம் தரும். கறள் தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தை அடைப்பது. ஆதலின் ஒட்டிய தகடுகளை அது நெம்பிப் பிரித்துவிடும். மேலே பளபளக்கும் வண்டியின் கீழே இது நடக்கும்போது, அதில் ஏறியிருப்பவர் ஒன்றும் அறியார். மாமி ஏறப்போகும் வண்டி அது என்பதை நினைத்தால், மூன்று வார வேலையின் மலிவு நமக்கு மலிவாகத் தோன்றாது.

வேறோர் உடலை வாங்கி மாற்றுதல் சில வேளைகளில் தவிர்க்க முடியாததாகலாம். ஆனால், பழைய இலக்கத் தகட்டைப் புதிய உடலில் அறைந்து, அதே வண்டி என்று கூறுவது பொய். பதிவுப் புத்தகத்திலே எழுதப்பட்ட அடையாளத்தோடும் அது முரண்படும். இருந்தபடியே விட்டுவைத்தலோ பேணுதலன்று. உவர்க்காற்று நம்முடைய அன்புக்காகக் காத்திருப்பதில்லை. தொடாமல் விடுவதும், அடுத்த மாரிக்குத் தின்னக் கொடுப்பதும் ஒன்றே.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? தமிழ் கற்றோர்க்கு இவ்வினாவின் விடை புதியதன்று. பதிற்றுப்பத்தை உ. வே. சாமிநாதையர் 1904ஆம் ஆண்டு பதிப்பித்தபோது, முதற் பத்தும் பத்தாம் பத்தும் ஏடுகளிற் கிடைக்கவில்லை. அவருடைய புலமைக்கு அந்நடையிலே இருபது பாட்டுக்களை இயற்றிச் சேர்ப்பது இயலாத காரியமாக இருந்திருக்காது. அவர் அதனைச் செய்யவில்லை. கிடைத்த எண்பதைச் செம்மையாக்கித் தந்து, கிடையாததைக் கிடையாதென்றே வைத்தார். அதனால்தான் அந்த எண்பதை நாம் ஐயமின்றி நம்புகிறோம். மற்றொரு புறத்தில், நம் காரைதீவிலே பிறந்த விபுலானந்த அடிகள், வழக்கொழிந்துபோன யாழை நூற்சான்றுகளையும் கணக்கையும் கொண்டு ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அங்கே பழைய கருவியே கைக்கு எட்டவில்லை. ஆகவே புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. ஆனால் எந்தச் சான்றிலிருந்து எந்த முடிவு பிறந்தது என்பதை அடிகள் ஒளிக்கவில்லை. இருப்பதைக் கெடுக்காதே, இல்லாததை இருப்பதாகக் காட்டாதே, புதிதாகச் செய்ததைப் புதிதென்று சொல். பதிப்பாசிரியர்க்குரிய இந்த மூன்று நெறிகளும் தகரவேலைக்காரருக்கும் பொருந்தும்.

வண்டிகளைப் பேணுவோர் உலகிலும் இக்கருத்து வலுப்பெற்று வருகிறது. பழைய ஊர்திகளுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பு 2012ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், இயன்ற அளவு குறைவாகத் தலையிடுமாறும், செய்த வேலையைப் பதிந்து வைக்குமாறும் வலியுறுத்துகிறது. அதற்கு முன்னரே, இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் வண்டிகளுக்கென ஒரு நிலையத்தை நடத்திய சாள்ஸ் வேயர் என்பார், 1982இல் எழுதிய நூலொன்றில், காரைச் சில ஆண்டுகளில் எறிந்துவிடாமல், சிறுகச் சிறுகப் புதுப்பித்து நெடுங்காலம் வைத்திருப்பதே சிக்கனம் என்று வாதிட்டார். அவருடைய முயற்சியோடு தொடர்புற்று 1990களில் நமது காலியிலே மொறிஸ் மைனர் உடற்தகடுகள் கையினால் அடித்துச் செய்யப்பெற்று இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன என்பது பலர் அறியாத செய்தி. வண்டியைப் படைத்த நாட்டுக்கே அதன் உறுப்பைச் செய்து அனுப்பிய கைகள் இத்தீவில் இருந்தன. அத்தகைய கைகள் உள்ள நாட்டில், துளைக்குள் தாளைத் திணிப்பது வறுமையினால் அன்று, பொறுமையின்மையினால்.

இனி, பழுகாமத்து வண்டிக்கு நான் கூறும் முறை இது. வண்டியை மேலும் கழற்றுவதை இன்றே நிறுத்தவேண்டும். தகரங்களில் உள்ள திருகுகளுக்குப் பெயர் எழுதி ஒட்டவேண்டும். சிறு சுத்தியலாலும் கூரிய கம்பியாலும் அடிப்புறம் முழுவதையும் தட்டியும் குத்தியும் பார்த்து, கெட்ட இடங்களைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, ஒரு கொப்பியிலே படமாகவும் எழுதிக்கொள்ளவேண்டும். ஆறாயிரம் வேலை என்று மனத்தில் தோன்றுவது, எழுதிப் பார்த்தால் பதினாறாகக் குறைவதுண்டு. வேலையை நிறுத்துவது பெரும்பாலும் பழுதின் அளவன்று. அளவு தெரியாத அச்சமே.

அடுத்தது வரிசை. குறுக்குச் சட்டம், முறுக்குத் தண்டின் பிணிப்பிடம், கீழ்ப்படிகள், பின் வில்தகட்டுக் கொளுவிகள் ஆகியவற்றுக்கே முதற் பணம் செல்லவேண்டும். கீழ்ப்படியை வெட்டுமுன், வண்டியைச் சமமாகத் தாங்கி, கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் கம்பியை ஒட்டி உடலை இறுக்கிக்கொள்ளவேண்டும். இல்லாவிடின் உடல் நடுவிலே தொய்ந்துவிடும். பின்னர் எந்தக் கதவும் பூட்டாது. ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடவேண்டும். கதவைத் தொங்கவிட்டு, இடைவெளி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்த பின்னரே இறுதியாக ஒட்டவேண்டும். தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பே உள்ளது. ஒரே மூச்சில் ஒட்டினால் சூட்டினால் நெளியும். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளியிட்டு, ஆறவிட்டு ஒட்டவேண்டும். பெற்றோல் தாங்கியை அகற்றாமல் நெருப்பை அருகே கொண்டுவரலாகாது. ஒட்டி முடித்த பொந்துகளுக்குள் மெழுகெண்ணெய் செலுத்தி, நீர் வடியும் துவாரங்களைத் திறந்துவைக்கவேண்டும். கெட்ட இரும்பை மட்டும் வெட்டவேண்டும். நல்ல இரும்பு தொடங்கும் இடத்திலே வாள் நிற்கவேண்டும்.

காலமும் கருதத்தக்கது. மட்டக்களப்பில் மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. வெறும் இரும்பைத் திறந்துவைத்தால் வாவிக்கரை ஈரத்தில் மறுநாளே சிவந்துவிடும். ஆதலின் தைக்குப் பின் வெயில் நிலைத்ததும் வேலையைத் தொடங்கி, ஐப்பசிக்கு முன் அடித்தளத்தை மூடிவிடவேண்டும். அன்றைக்குச் சுரண்டியதை அன்றைக்கே முதற்பூச்சினால் மூடுவது சட்டமாக இருக்கட்டும். ஓராண்டில் கீழ்ப்புறம், மற்றோராண்டில் மட்காட்கள், அதன் பின் வர்ணம் என்று பகுத்தால், ஆசிரியச் சம்பளத்துக்கும் அது அடங்கும். ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் முடிந்ததொன்று கண்முன் நிற்கும். முழுவதையும் ஒருங்கே அவிழ்த்தவன் ஊக்கம் இழக்கிறான். ஒரு மூலையை முடித்தவனுக்கு அடுத்த மூலைக்கு வேண்டிய ஊக்கம் அந்த மூலையிலேயே கிடைத்துவிடுகிறது.

வெளித்தோற்றம் பற்றி ஒரு சொல். எல்லாத் தழும்பையும் அழித்துவிட வேண்டுமென்பது என் கருத்தன்று. சூறாவளியில் கொட்டில் விழுந்து நெளிந்த கூரையின் பள்ளத்தைத் தட்டி நேராக்காமல் விடலாம். அதனால் வண்டிக்கு வலுக்குறைவு இல்லை. பழைய தகடுகள் சான்றுகளும் ஆகும். வாகன இலக்கத்தில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தபோது, 1957ஆம், 1958ஆம் ஆண்டுகளில் தமிழ்ப் பகுதிகளில் எழுந்த எதிர்ப்பை நினைத்தால், ஓர் இலக்கத் தகடும் வரலாற்றேடு என்பது விளங்கும். அத்தகைய ஏட்டைப் புதுத் தகடொன்றுக்கு விலையாகக் கொடுத்தல் தகாது.

ஒட்டிய தையல் தெரியுமே என்று அஞ்சுவோர்க்கு இவ்வண்டியின் பிறப்பே ஆறுதல் சொல்லும். முன்மாதிரி வண்டி மிக ஒடுங்கியிருப்பதாகக் கண்ட இசிகோனிஸ், அதனை நெடுக்கே இரண்டாக வெட்டி, பாதிகளை விலக்கிப் பார்த்து, நான்கு அங்குல இடைவெளியில் அழகு கண்டார். முன்னரே செய்துவைத்த பம்பர்களையும் நடுவே வெட்டித் துண்டு வைக்கவேண்டியிருந்தது. இயந்திர மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டையில் அந்த நான்கு அங்குலத்தை இன்றும் காணலாம். ஒட்டை ஒளிக்காமலே அவ்வண்டி உலகத்தின் அன்பைப் பெற்றது.

பழைய காரொன்றுக்கு இத்துணைப் பேச்சு வேண்டுமா என்று கேட்கலாம். நாம் இந்நாட்களில் திருத்துவதாகச் சொல்லும் பலவற்றை எண்ணிப் பார்ப்போமாக. பள்ளிக்கூடக் கட்டடத்தின் வெடிப்புக்கு வர்ணம் அடிக்கிறோம். பழைய நூலின் கிழிந்த பக்கத்தை விட்டுவிட்டு அட்டையை மட்டும் மாற்றி அச்சிடுகிறோம். விழாவுக்கு முன்னாள் பூசிய பூச்சு விழாவுக்கு மறுநாள் உதிர்கிறது. தாங்குவதைத் திருத்தாமல் தோன்றுவதைத் திருத்தும் இப்பழக்கத்தை ஓர் இளைஞன் ஒரு கொட்டிலிலே கைவிட்டால், அவன் கற்றது கார்த்தொழில் மட்டுமன்று.

மாமிக்கு என் விடையைச் சொல்லிவிட்டேன். வண்டி ஓடும்; ஆனால் இந்த ஆண்டு ஓடாது. வருகிற வெயிற்காலத்தில் அடிப்புறம் மட்டும் முடியும். “அப்ப அந்தக் கோழிக்கு வேற இடம் பாக்கணும்” என்றார் அவர். மைத்துனன் அன்று மாலையே கொப்பியொன்றை எடுத்துக்கொண்டு கொட்டிலடிக்குப் போனான். பட்டிருப்புப் பாலத்தின் மேல் அந்த வண்டி மீண்டும் ஓடும் நாளில், அதன் கூரை நெளிந்தே இருக்கும், கீழே ஒட்டிய தையல்கள் குனிந்து பார்ப்போர்க்குத் தெரியும். மாமியின் கால் பதியும் இடத்தில் மட்டும் செய்தித்தாள் இராது, இரும்பு இருக்கும்.